மார்னர் இல்லாத லீஃப்ஸ்: 2025-26 சீசனை எப்படிக் கணிக்கிறீங்கள்?

நீலவெள்ளை (கேள்வி, 2025 செப்டம்பர்)

ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி ரீமின்ர (என்எச்எல் லீக்) பயிற்சிக் காம்ப் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான். ஒக்டோபர் 8 மொன்றியலோட ரொறன்ரோவில முதல் ஆட்டம். போன சீசன் 52 வெற்றி, 108 பொயின்ட், அட்லான்டிக் டிவிஷனில முதலிடம். பிளேஓஃப்பில (கோப்பைக்கான நொக்அவுட் சுற்றில) ஒட்டாவாவை ஆறு ஆட்டத்தில வீட்டை அனுப்பினம். புளோரிடாவோட முதல் ரெண்டையும் வெண்டுபோட்டு, ஏழாவது ஆட்டத்தில சொந்த அரங்கிலேயே 6-1 எண்டு தோத்தம்.

அந்த ரீமில இருந்து மிச் மார்னர் போயிட்டார். கோலும் அசிஸ்டும் (கோலுக்கு வழிவிட்ட பாஸ்) சேத்து 102 பொயின்ட் எடுத்த ஆள். வேகஸோட எட்டு வருச ஒப்பந்தம், வருசத்துக்கு 12 மில்லியன் டொலர். பதிலுக்கு எங்களுக்கு வந்தது நிக்கொலா ருவா. அதுக்குப் பிறகு யூட்டாவில இருந்து மச்செல்லி, வான்கூவரில இருந்து டகோட்டா ஜொஷுவா. நிர்வாகத் தலைவராய் இருந்த ஷனஹானும் இப்ப இல்லை.

எனக்குத் தெரியவேண்டியது மூண்டு விசயம். மார்னர் செய்த வேலையை இனி ஆர் செய்வினம்? அந்த 108 பொயின்ட் உண்மையான பலமா, இல்லாட்டி அதில அதிர்ஷ்டமும் கலந்திருக்கா? முதல் மாதத்தில ஸ்கோரை விட்டுட்டு வேற எதைப் பாத்தால் ரீம் போற திசை விளங்கும்? "இந்த வருசம் கோப்பைதான்" எண்டும் வேண்டாம், "எல்லாம் முடிஞ்சுது" எண்டும் வேண்டாம். கணக்கோட சொல்லுங்கோ.

பின்வரிசை

102 பொயின்டை எப்படி ஈடுகட்டிறது எண்டு தொடங்கினால் வழி தவறிப்போகும். அதில 75 அசிஸ்ட். அவர் ஒரு ஆட்டத்தில 21 நிமிசத்துக்கு மேல ஐஸில நிண்டவர், அந்த நேரத்துக்குள்ள நாலு வேற வேற வேலை செய்தவர். ஒவ்வொரு வேலைக்கும் ஆள் இருக்கோ எண்டுதான் பாக்கவேணும்.

முதலாவது, எங்கட பக்கத்தில இருந்து பக்கை (ஆடுற ரப்பர் தட்டை) வெளியில எடுக்கிறது. ஆக்கள் இதைப் பெரிசாய்க் கதைக்கிறதில்லை, ஆனா இந்த சீசனின்ர முக்கியமான கேள்வி இதுதான் எண்டு நான் நினைக்கிறன். பயிற்சியாளர் பெரூபியின்ர ஆட்டத்தில டிஃபென்ஸ்காரர் நடுவால பாஸ் குடுத்து அபாயம் எடுக்கிறது குறைவு. பலகையோரமாய் (அரங்கின்ர சுத்துச் சுவரோரமாய்) பக்கை மேல தள்ளிவிடுவினம். விங்கர் அதைப் பலகையில பிடிச்சு, மேல பாய்ஞ்சு வாற எதிரணி டிஃபென்ஸ்காரனைச் சமாளிச்சு, நடுவில வாற சென்டருக்குக் குடுக்கவேணும். மார்னர் வலக்கைக்காரர், ஆடினது வலப்பக்கம். பலகையோரம் வாற பக் அவருக்கு ஃபோர்ஹாண்டில விழும். மச்செல்லியும் மக்ஸ் டோமியும் இடக்கைக்காரர். அதே இடத்தில நிண்டால் பாக்ஹாண்டில பிடிக்கவேணும், அரை வினாடி பிந்தும். அந்த அரை வினாடி போதும், எதிராளி வந்து மோத. பக் எங்கட பகுதியின்ர எல்லையான புளூ லைனைத் தாண்டாது, எங்கட டிஃபென்ஸ் மாறவும் ஏலாது. 40 வினாடியில முடியவேண்டிய ஷிஃப்ட் (ஒருமுறை ஐஸில நிக்கிற நேரம்) ஒரு நிமிசத்தைத் தாண்டிப்போகும்.

இது எங்கட டிஃபென்ஸுக்கு ஏன் கூடச் சுடும் எண்டால், வயது. கிறிஸ் தானெவ் டிசம்பரில 36. எக்மன்-லார்சன் 34. ரைலிக்கும் மக்கேப்புக்கும் 31. கார்லோவும் பெனுவாவும் இளசு, ஆனா ரெண்டு பேரும் பக்கைக் கொண்டுபோற ஆக்கள் இல்லை, தடுக்கிற ஆக்கள். அப்ப வெளியேறுற பொறுப்பு முழுக்க ஃபோர்வேர்டின்ர தலையிலதான்.

ரெண்டாவது, எதிராளியின்ர எல்லைக்குள்ள பக்கை மட்டையோட கொண்டுபோறது. இப்ப கரோலைனாவுக்கு ஜெனரல் மனேஜராய் இருக்கிற எரிக் துல்ஸ்கி கனகாலத்துக்கு முன்னமே எண்ணிக் காட்டின விசயம்: மட்டையோட உள்ள போனால், பக்கை உள்ள எறிஞ்சுபோட்டுத் துரத்துறதைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஷொட் கிடைக்கும். மார்னர் போனாப் பிறகு இந்த வேலையை நம்பிக் குடுக்கக்கூடிய ஆள் வில்லியம் நைலாண்டர்தான். இதில அவர் மார்னருக்குக் குறைஞ்சவர் இல்லை. சிக்கல் என்னெண்டால் அவர் ஒரு லைனிலதான் ஆடலாம். மத்தியூஸோட போட்டால் தவாரஸின்ர லைன் எறிஞ்சு துரத்துற லைனாய் மாறும். தவாரஸுக்கு 35 வயது, துரத்துற ஆட்டம் அவருக்குச் சரிவராது. ஆனா வலைக்குக் கிட்ட அவரைப்போல முடிக்கிறவை குறைவு. போன சீசன் 38 கோல் அப்பிடித்தான் வந்தது.

நான் பயிற்சியாளராய் இருந்தால் நைஸ்-மத்தியூஸ்-மச்செல்லி, மக்மான்-தவாரஸ்-நைலாண்டர் எண்டு தொடங்கி, பத்து ஆட்டத்துக்குக் கைவைக்கமாட்டன். மச்செல்லி 2023-24-இல அரிசோனாவுக்கு 57 பொயின்ட் எடுத்தவர், அதில 40 அசிஸ்ட். போன சீசன் யூட்டாவில 55 ஆட்டத்தில 18 பொயின்ட்தான். திறமை போகேல்லை, நல்ல ஆக்களோட ஆடுற நேரம் போச்சு. அவரை மூண்டாவது லைனில 11 நிமிசம் வைச்சால் இங்கயும் அதே கதைதான். ஜொஷுவா-ருவா சோடி மூண்டாவது லைன். ரெண்டு பேரும் பெரிய உடம்பு, பெரூபி கேக்கிற ஆட்டம் அதுதான்.

மூண்டாவது, பவர் பிளே (எதிராளிக்குப் பெனால்டி விழுந்து அவை ஆள் குறைய நிக்கிற நேரம்). போன சீசன் பின்பாதியில ஐஞ்சு ஃபோர்வேர்டை வைச்சு ஆடினவை: மேல மார்னர், வலப்பக்க வட்டத்தில மத்தியூஸ், இடப்பக்கம் நைலாண்டர், நடுவில தவாரஸ், வலைக்கு முன்னால நைஸ். மார்னர் மேல நிண்டு பலமாய் அடிக்கிற ஆள் இல்லை. தோளை ஒருபக்கம் காட்டி மற்றப்பக்கம் பாஸ் விடுறவர். அதால தடுக்கிறவை ஒரு கணம் உறைஞ்சு நிப்பினம், மத்தியூஸுக்கு இடம் கிடைக்கும். இப்ப அந்த இடத்துக்கு ரைலி வரவேண்டியிருக்கும். ரைலியின்ர ஸ்கேட்டிங் நல்லது, பக்கை உள்ள கொண்டுவாறதும் நல்லது. ஆனா அவரின்ர ஷொட்டுக்கு ஒருத்தரும் பயப்பிடுறதில்லை. மேல நிக்கிற தடுப்பாளர் அவரை விட்டுட்டு மத்தியூஸ் பக்கம் ரெண்டு அடி சாய்ஞ்சு நிப்பார். அதை உடைக்க ரைலி பக்கோட இடப்பக்கம் ரெண்டு மூண்டு எட்டு நகரவேணும். தடுப்பாளர் கூட நகர்ந்தால் வலப்பக்கம் திறக்கும். நிண்ட இடத்திலயே நிண்டு பாஸ் விட்டால் அந்த யூனிட் செத்துப்போகும்.

நாலாவது, பெனால்டி கில் (எங்களுக்குப் பெனால்டி விழுந்து ஆள் குறைய நிண்டு தடுக்கிறது). இதுக்கு ஆள் இருக்கு: லோட்டன், ருவா, ஜொஷுவா, லொரென்ஸ், யார்ன்க்ரோக். கூட ஒரு நன்மை, ருவா வலக்கை சென்டர். மத்தியூஸ், தவாரஸ், லோட்டன் மூண்டு பேரும் இடக்கை. எங்கட வலப்பக்க வட்டத்தில ஃபேஸ்ஓஃப் (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டம் தொடங்கிறது) வரேக்க இவ்வளவு நாளும் பொருத்தமான கை இல்லாம இருந்தது.

என்ர கணிப்பு 98 பொயின்ட்.

வலைகாவல்

பின்வரிசை முன்னால் நிற்பவர்களைப் பார்த்துவிட்டார். நான் பின்னால், வலைக்கு வருகிறேன். 108 புள்ளியில் எவ்வளவு நிலைக்கும் என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

ஒரு கைக்கணக்கு. 82 ஆட்டச் சீசனில் சராசரி அணி ஏறக்குறைய 91, 92 புள்ளி எடுக்கும். ஆறு கோல் வித்தியாசம் ஒரு வெற்றிக்கு, அதாவது 2 புள்ளிக்குச் சமன். போன சீசன் லீஃப்ஸின் கோல் வித்தியாசம் கூட்டல் 37 அளவில் இருந்தது. ஆறு வெற்றி, 12 புள்ளி. ஆக, அந்த அணியின் உண்மையான தரம் 104 புள்ளி. மிச்சம் நாலு, நெருக்கமான ஆட்டங்கள் நமக்குச் சாதகமாக விழுந்ததால் வந்தவை. தம்பாவைப் பாருங்கள்: 102 புள்ளியோடு நமக்குப் பின்னால் முடித்தார்கள், ஆனால் கோல் வித்தியாசம் 70-க்கு மேல். யார் பலமான அணி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஐந்துக்கு ஐந்து (இரு பக்கமும் ஆள் குறையாத) ஆட்டத்தில் ஷொட் முயற்சிகளில் நம் பங்கு பாதிக்கும் குறைவு. பக் அதிக நேரம் நம் பக்கம் இருந்தும் வென்றோம் என்றால், வலையில் நின்றவர்கள் காப்பாற்றினார்கள் என்று பொருள்.

நம் கோலிகளில் அந்தனி ஸ்டோலார்ஸ் 34 ஆட்டத்தில் .926 சேவ் வீதம் (வந்த ஷொட்டில் தடுத்த பங்கு). ஜோசப் வோல் 42 ஆட்டத்தில் .909. லீக் சராசரி .900 பக்கம். ஒரு ஆட்டத்துக்கு நம் வலை மீது 28 ஷொட் என்று வைத்தால் சீசனுக்கு 2,296. இருவரும் சேர்ந்து .008 மட்டும் இறங்கினால் 18 கோல் கூட விழும். மூன்று வெற்றி, 6 புள்ளி. .008 என்பது பெரிய வீழ்ச்சி இல்லை. .926 எடுத்த ஒருவர் அடுத்த சீசன் .915 எடுத்தால் நல்ல ஆட்டம் என்றே சொல்வோம். ஆக 104-ல் 6 போனால் 98, அதன்மேல் மார்னர் இல்லாத குறை. என் கணிப்பு 95.

இன்னொரு ஆபத்து உடல்நிலை. 34 ஆட்டம்தான் ஸ்டோலார்ஸ் தன் வாழ்நாளில் ஒரு சீசனில் ஆடிய உச்சம். போன டிசம்பரில் முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. பிளேஓஃப்பில் புளோரிடாவோடு முதல் ஆட்டத்திலேயே சாம் பென்னட்டின் கை தலையில் பட்டு வெளியேறியவர், அந்தத் தொடரில் திரும்பி ஆடவில்லை. வோலுக்கு 42-தான் உச்சம். 2024-இல் பொஸ்டனோடு ஏழாவது ஆட்டத்துக்கு அவர் இல்லாமல் போனதை மறக்கமுடியாது. இருவரும் 40, 40 என்று பகிர்ந்தால் லீக்கில் மிகச் சிறந்த சோடிகளில் ஒன்று. ஒருவர் விழுந்து மற்றவர் 60 ஆடவேண்டி வந்தால், அது இருவரில் எவரும் இதுவரை செய்யாத காரியம். மூன்றாவது ஆள் டெனிஸ் ஹில்டபி. நல்ல இளைஞர், ஆனால் இந்த லீக்கில் அனுபவம் மிகக் குறைவு.

ஒக்டோபரில் சேவ் வீதத்தைப் பார்க்காதீர்கள். பத்து ஆட்டத்தில் .890-உம் வரும், .930-உம் வரும், இரண்டும் எதையும் சொல்லாது. ரீபவுண்ட் (தடுத்தபின் தெறிக்கும் பக்) எங்கே போகிறது என்று பாருங்கள். ஸ்டோலார்ஸ் 6 அடி 6 அங்குலம். முழங்கால் சரியாக இருந்தால் தாழ்வாக வரும் ஷொட்டைக் கால் கவசத்தால் மூலைக்குத் தள்ளுவார். பக் நேர் முன்னால் விழத் தொடங்கினால் அவர் பக்கவாட்டில் தள்ளி நகரச் சிரமப்படுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த நாள் ஆட்டம் வந்தால் இரண்டாவது நாள் யாரை நிறுத்துகிறார்கள் என்பதையும் குறித்துவையுங்கள். ஒருவரையே இரண்டு நாளும் நிறுத்தினால் மற்றவருக்கு ஏதோ நோவு.

கிழக்குப்பக்கம்

வலைகாவல் அண்ணையின்ர கணக்கில பிழை இல்லை. ஆனா ஒருபக்கக் கணக்கு. இறங்குறதை மட்டும் எழுதியிருக்கிறார், ஏறக்கூடியதை எழுதேல்லை.

ஒஸ்டன் மத்தியூஸ் 2023-24-இல 369 ஷொட்டில 69 கோல், 18.7 வீதம். போன சீசன் காயத்தோட 67 ஆட்டத்தில 33 கோல், வீதம் 12 அளவில. சிகிச்சைக்கு இடையில ஜேர்மனிக்கும் போய்வந்தவர். உடம்பு சரியாய் இருந்து 78 ஆட்டம் ஆடி 15 வீதம் எடுத்தாலே 48 கோல் பக்கம் வரும். போன வருசத்தைவிட 15 கூட. உங்கட கணக்குப்படியே ரெண்டரை வெற்றி. ஸ்டோலார்ஸ் இறங்கிற அளவுக்குக் கிட்ட அங்கயே ஈடாகுது.

மத்தியூஸ் சுகமோ எண்டு பாக்க ரெண்டு அடையாளம் இருக்கு. ஒண்டு, ஆட்டத்துக்கு எத்தினை ஷொட். 69 அடிச்ச வருசம் 4.5-க்கு மேல. நாலுக்குக் கீழ போனால் ஏதோ சரியில்லை. மற்றது, வட்டத்தின்ர மேல் விளிம்பில இருந்து பக்கை உள்ள இழுத்து ரிஸ்ட் ஷொட் அடிக்கிறாரோ எண்டது. அந்த இழுப்புத்தான் அவரின்ர ஆயுதம், கோலியின்ர கோணமே மாறிப்போகும். போன சீசன் கனதரம் அதை விட்டுட்டுப் பாஸ் குடுத்தவர்.

மற்ற ரீமுகளையும் பாக்கவேணும். புளோரிடா மூண்டு வருசம் தொடர்ந்து இறுதிவரை ஆடினவை, ரெண்டு கோப்பை. மத்தியூ ட்கச்சுக்கு ஓகஸ்டில சத்திரசிகிச்சை நடந்தது, சீசனின்ர தொடக்கத்தில ஆடமாட்டார். பென்னட், எக்பிளாட், மார்ஷான் மூண்டு பேரையும் விடாமல் வைச்சிருக்கினம். மார்ச்சில திரும்பவும் பயங்கரமான ரீம்தான், ஆனா அதுவரை பொயின்ட் விடுவினம். தம்பா மேல நிக்கும், அதில வாதம் இல்லை. மொன்றியல் நோவா டொப்சனை எடுத்திருக்கு, டெமிடோவுக்கு முதல் முழுச் சீசன், லேன் ஹட்சன் போன வருசம் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது வாங்கினவர். என்னைக் கேட்டால் இந்த டிவிஷனில கூட ஏறப்போற ரீம் அவைதான். ஒட்டாவா 97 பொயின்ட் எடுத்தது, அதில இருந்து இறங்கக் காரணம் இல்லை. டிட்ரோயிட் கோலி ஜோன் கிப்சனை வாங்கியிருக்கு. பொஸ்டனும் பஃபலோவும் எனக்குப் பயம் தரேல்லை.

பிளேஓஃப்புக்கு எத்தினை வேணும் எண்டு பாத்தால், கிழக்கில கடைசியாய் உள்ள போன ரீம் 2023-இல புளோரிடா 92, 2024-இல வாஷிங்டன் 91, 2025-இல மொன்றியல் 91. 95 எடுத்தால் உள்ள நிக்கலாம், ஆனா ஏப்ரல் வரைக்கும் நித்திரை வராது. நான் 101 எண்டு போடுறன், டிவிஷனில ரெண்டாவது.

நீலவெள்ளை

எல்லாருக்கும் நன்றி. 95, 98, 101 எண்டு மூண்டு பேரும் ஆறு பொயின்டுக்குள்ள நிக்கிறீங்கள். 108-ஐ ஒருத்தரும் நம்பேல்லை.

இன்னும் ரெண்டு கேள்வி. இளம் ஃபோர்வேர்ட் ஈஸ்டன் கோவனுக்கு இடம் இருக்கா? லண்டன் நைட்ஸ் எண்ட ஜூனியர் ரீமோட மெமோரியல் கோப்பை வெண்டு, அதில சிறந்த ஆட்டக்காரர் விருதும் எடுத்தவர். இனிமேல் ஜூனியரில அவருக்குப் படிக்க ஒண்டும் இல்லை. மற்றது, ஜெனரல் மனேஜர் ட்ரெலிவிங் சீசன் நடுவில இன்னொரு ஃபோர்வேர்ட் வாங்க ஏலுமோ? சம்பள வரம்பில காசு இருக்கா?

கணக்கப்பிள்ளை

இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றிலேதான் முடிகிறது, ஆகவே சம்பளக் கணக்கை முதலில் வைக்கிறேன்.

இந்தச் சீசன் சம்பள உச்சவரம்பு 95.5 மில்லியன் டொலர். போன சீசன் 88. மத்தியூஸ் 13.25, நைலாண்டர் 11.5, நைஸ் 7.75, ரைலி 7.5, தவாரஸ் 4.38. ஐந்து பேருக்கு 44.38. தவாரஸ் 11-இல் இருந்து 4.38-க்கு இறங்கினதுதான் இந்தக் கோடையின் மிகப் பெரிய பரிசு. அதையும் மார்னரின் பழைய 10.9-ஐயும் சேர்த்தால் 17.5 மில்லியன் விடுபட்டது. அது எங்கே போனது? நைஸுக்கு ஏறின சம்பளம் ஏறக்குறைய 6.8. ருவா 3, மச்செல்லி 3.425, ஜொஷுவா 3.25, மூன்றும் சேர்ந்து 9.675. கூட்டிப் பாருங்கள், 16.5 அளவில் வந்துவிட்டது. வரம்பு ஏறின 7.5-ஐ டிஃபென்ஸின் புதிய ஒப்பந்தங்களும் வோலின் உயர்வும் தின்றுவிட்டன. மக்கேப் மட்டும் 2-இல் இருந்து 4.51.

ஆளெண்ணிக்கையும் நெருக்கம். பட்டியலில் 23 பேர்தான் இருக்கலாம். 14 ஃபோர்வேர்ட், 7 டிஃபென்ஸ், 2 கோலி என்று வைத்தால் ஃபோர்வேர்டில் ஏற்கெனவே ஆள் கூட. டேவிட் காம்ஃப் 2.4 மில்லியன். அவரை வேவரில் (மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளக்கூடிய பட்டியலில்) போட்டு நம் கீழ்நிலை அணியான மார்லீஸுக்கு அனுப்பினாலும் 1.15 மட்டும்தான் கணக்கில் இருந்து கழியும், மிச்சம் 1.25 ஒட்டிக்கொண்டே நிற்கும். நிக் ரொபேட்சனை வேவரில் போட்டால் வேறு அணி எடுத்துவிடும். கோவனுக்கு வேவர் தேவையில்லை, இன்று அனுப்பி நாளை கூப்பிடலாம். எனவே காம்பில் அவர் நன்றாக ஆடினாலும் முதலில் மார்லீஸுக்குப் போகலாம். அதை அவருடைய ஆட்டத்தின் மீதான தீர்ப்பாக எடுக்கவேண்டாம். 20 வயதில் நாலாவது லைனில் 8 நிமிடம் ஆடுவதைவிட அங்கே 20 நிமிடம் ஆடுவது அவருக்கு நல்லது என்றே நினைக்கிறேன். யாராவது காயப்பட்டால் முதல் அழைப்பு அவருக்கு.

இனி நடுச்சீசனில் ஆட்டக்காரரை மாற்றி வாங்கும் வியாபாரம். வரம்பு நாளுக்கு நாள் கணக்கிடப்படுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சீசன் 192 நாள். வியாபாரம் மூடுகிற மார்ச் 6-க்குப் பிறகு மிச்சம் 42 நாள் அளவு. தொடக்கத்தில் இருந்து ஒரு மில்லியன் இடம் விட்டு வைத்திருந்தால், மார்ச் 6-இல் நாலரை மில்லியன் சம்பளக்காரரை எடுக்கலாம். ஆனால் யாரையாவது நீண்டகாலக் காயப் பட்டியலில் போட்டு வரம்பைத் தாண்டும் அந்தச் சலுகையைப் பயன்படுத்தத் தொடங்கிய நாளில் இருந்து இந்தச் சேமிப்பு நின்றுவிடும். ஆகவே டிசம்பரில் தானெவுக்கு ஆறு வாரக் காயம் வந்தால், "அவரைப் பட்டியலில் போடு, ஆள் வாங்கு" என்று கத்தவேண்டாம். முடிந்தவரை போடாமல் சமாளிப்பதே லாபம்.

விதியும் மாறியிருக்கிறது. சீசன் முடியும்வரை வரமாட்டார் என்று உறுதி இல்லாத காயக்காரருக்குப் பதிலாக எடுக்கக்கூடிய தொகை இனி சுமார் 3.8 மில்லியனோடு நிற்கும். அதோடு, பிளேஓஃப்பில் ஒவ்வொரு ஆட்டத்திலும் உடுத்து இறங்கும் 20 பேரும் வரம்புக்குள் அடங்கவேண்டும். ஏப்ரல் வரை பெரிய சம்பளக்காரரை ஒளித்துவைத்து பிளேஓஃப்பில் இறக்குவது இனி நடக்காது. வரம்புக்கு மேலே போய் வென்ற அணிகளைப் பார்த்து மனம் எரிந்தவர்களுக்கு இது நல்ல செய்தி.

காசைவிடப் பெரிய தடை, கொடுக்கப் பொருள் இல்லாதது. புது இளைஞர்களை எடுக்கும் 2026 முதற்சுற்றுத் தேர்வு உரிமை கார்லோவுக்காக பொஸ்டனுக்கும், 2027 முதற்சுற்று லோட்டனுக்காக பிலடெல்பியாவுக்கும் நிபந்தனைகளோடு போய்விட்டன. நம் கையில் உறுதியாக இருக்கும் அடுத்தது 2028. பெரிய பெயர் ஒன்று சந்தைக்கு வந்தால் எதிரணி கேட்கப்போவது கோவனையோ பென் டான்ஃபோர்டையோதான். நான் கொடுக்கமாட்டேன். ஸ்டோலார்ஸ், லோட்டன், மக்மான், மச்செல்லி நாலு பேரின் ஒப்பந்தமும் இந்தச் சீசனோடு முடிகிறது என்பதையும் மறக்கவேண்டாம். அடுத்த வருடம் வரம்பு 104-க்கு ஏறுகிறது. முதலில் ஸ்டோலார்ஸைக் கட்டிவைக்கட்டும்.

சனிக்கிழமை

அட்டவணை பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. மிலான் ஒலிம்பிக்குக்காக பெப்ரவரி 6 தொடக்கம் 24 வரை லீக்குக்கு இடைவெளி, ஆனா வழமைபோல 82 ஆட்டம் ஏப்ரல் 16-க்குள்ள முடியவேணும். அப்ப நவம்பர், டிசம்பர், மார்ச் மூண்டும் நெருக்கி அடைச்ச மாதங்கள். பயிற்சி நாள் குறையும், சரியில்லாத பவர் பிளேயைத் திருத்த நேரம் கிடைக்காது. மத்தியூஸை அமெரிக்காவும் நைலாண்டரைச் சுவீடனும் கோடையிலயே அறிவிச்சிட்டினம். அவை ரெண்டு பேருக்கும் அந்த இடைவெளி ஓய்வு இல்லை. தானெவ், தவாரஸ் மாதிரி ஆக்களுக்கு நல்ல ஓய்வு.

கேபிள் இல்லாத ஆக்களுக்கு, இந்த 2025-26 சீசன்: சனி இரவு ஆட்டம் சிபிசியில காசில்லாமல் வரும். திங்கள் இரவு ஆட்டங்கள் அமேசான் பிரைமில. மற்ற நாள் ஸ்போர்ட்ஸ்நெட்டும் ரிஎஸ்என்னும் பங்குபோடுகினம். ஒரே சந்தாவில எல்லாம் பாக்க ஏலாது, வாங்க முதல் அட்டவணையில எந்த ஆட்டம் எதில எண்டு எண்ணிப்பாருங்கோ. மார்னர் ரொறன்ரோவுக்கு வாறது ஜனவரி 23.

பின்வரிசை

கிழக்குப்பக்கம் சொன்ன மத்தியூஸ் கணக்கை ஏற்கிறன், ஆனா 78 ஆட்டம் எண்டது பெரிய நம்பிக்கை. லைன் எல்லாத்தையும் பத்து ஆட்டத்துக்கு மாத்தாதேங்கோ எண்டு மேல எழுதினன். சனிக்கிழமை சொன்ன அட்டவணையைப் பாத்தால் அது இன்னும் முக்கியம், பயிற்சியில பழக நாள் இல்லாட்டி ஆட்டத்திலதான் பழகவேணும். லேன் லாம்பேர்ட் சியாட்டிலுக்குத் தலைமைப் பயிற்சியாளராய்ப் போக, அவரின்ர இடத்துக்கு டெரெக் லலோண்ட் வந்திருக்கிறார். புது உதவிப் பயிற்சியாளரின்ர அமைப்பும் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

நீலவெள்ளை கேட்ட மூண்டாவது கேள்விக்கு இன்னும் நேரடி விடை வரேல்லை. முதல் 20 ஆட்டம் ரெண்டு எண்ணை மட்டும் எழுதிவையுங்கோ. ஐஞ்சுக்கு ஐஞ்சில ஷொட் முயற்சியின்ர பங்கு: 50-க்கு மேல வந்தால் வலைகாவலின்ர 95 பிழையாய்ப் போகும், 47-க்குக் கீழ போனால் அவர் சொன்னதைவிட மோசம். மற்றது, சேவ் வீதத்தையும் எங்கட ஷொட் கோலாகிற வீதத்தையும் கூட்டி வாற எண். அது 100-இல இருந்து மேலயோ கீழயோ எவ்வளவு தள்ளி நிக்குதோ, அவ்வளவும் திரும்பி வரும். 102-ஓட பத்து வெற்றி வந்தாலும் ஆடவேண்டாம், 98-ஓட ஆறு தோல்வி வந்தாலும் பயிற்சியாளரை மாத்தச் சொல்லவேண்டாம். நவம்பர் 27 அமெரிக்க நன்றி நவிலல் நாள். அண்டைக்கு பிளேஓஃப் இடத்தில நிக்கிற ரீமுகளில நாலில மூண்டு பங்கு ஏப்ரலிலயும் அங்கயே நிக்கிறது வழமை. அண்டைக்கு திரும்ப இந்த இழையைத் திறந்து மூண்டு கணிப்பையும் திருத்துவம்.

அதுக்கு முதல், ஒக்டோபர் 8. மொன்றியலுக்கு முதல் பெனால்டி விழேக்க மேல ரைலி பக்கோட இடப்பக்கம் நகருறாரோ, நிண்ட இடத்திலயே நிக்கிறாரோ எண்டு பாருங்கோ.